கார் பேட்டரியின் ஆயுளை நீட்டிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோல், டீசல் கார்களில் எஞ்சினைக் கிளப்பவும், விளக்கு, ஹாரன், கணினி முதலியவற்றுக்கு மின்சாரம் தரவும் பயன்படும் 12 வோல்ட் ஈய-அமில பேட்டரியைப் பற்றியவை இங்குள்ள கேள்விகள். மின்சாரக் கார்களைப் பற்றிய ஒரு கேள்வியும் பின்னே உண்டு. பயன்படுத்தப் பயன்படுத்தத்தான் பேட்டரி தேய்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான கார் பேட்டரிகளை உரிய காலத்துக்கு முன்பே வீழ்த்துபவை இரண்டு: அரைகுறை சார்ஜில் சும்மா கிடப்பதும், எஞ்சின் அறையின் வெப்பமும். கீழே தரப்பட்டுள்ள யோசனைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டையும் தவிர்ப்பதற்கானவையே.

கேள்வி: ஒரு கார் பேட்டரி எத்தனை ஆண்டுகள் உழைக்க வேண்டும்?

பொதுவாக 3 முதல் 5 ஆண்டுகள். மிதமான தட்பவெப்பத்தில், நாள்தோறும் போதிய தூரம் ஓடும் வண்டியில் அதற்கு மேலும் உழைப்பதுண்டு. கடும் வெயிலில் நின்று, எப்போதாவது மட்டும் நகரும் வண்டியில் 2 ஆண்டிலேயே கைவிடுவதும் உண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே நாளில் தயாரான இரண்டு பேட்டரிகளுக்கு இடையே கூட இத்தகைய வேறுபாடு வரலாம். பேட்டரி அமர்ந்திருக்கும் இடமும் வண்டி ஓட்டப்படும் விதமும்தான் இதற்குக் காரணம். உத்தரவாதக் காலம் விற்பவரின் கணக்கு. அது முடிந்த மறுநாளே பேட்டரியை மாற்றிவிட வேண்டும் என்று பொருள் இல்லை.

கேள்வி: பேட்டரிக்குள் என்ன நடக்கிறது? அது ஏன் வலுவிழக்கிறது?

1859-இல் பிரெஞ்சு இயற்பியலாளர் காஸ்டன் பிளாண்டே ஈயத் தகடுகளையும் கந்தக அமிலத்தையும் கொண்டு உருவாக்கிய ஏற்பாடுதான், பல மேம்பாடுகளுடன், இன்றும் பானெட்டுக்கு அடியில் இருக்கிறது. பேட்டரிப் பெட்டிக்குள் 6 செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தருவதால், முழு சார்ஜில் உள்ள பேட்டரி 12.6 வோல்ட்டைக் காட்டுகிறது. நேர்த் தகட்டில் ஈய டை ஆக்சைடும் எதிர்த் தகட்டில் கடற்பஞ்சு போன்ற நுண்துளை ஈயமும் உள்ளன. மின்சாரம் எடுக்கப்படும்போது இரண்டு தகடுகளின் மேற்பரப்பும் ஈய சல்ஃபேட்டாக மாறுகிறது, அமிலம் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது இந்த மாற்றம் அப்படியே திரும்புகிறது.

அது முழுமையாகத் திரும்பாமல் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது. புதிதாக உருவான ஈய சல்ஃபேட் மிக நுண்ணிய படிகங்களாக இருப்பதால் எளிதில் கரைந்துவிடும். ஆனால் பேட்டரி நாள்கணக்கில், வாரக்கணக்கில் குறைந்த சார்ஜிலேயே விடப்பட்டால், அந்தப் படிகங்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகி இறுகிவிடுகின்றன. இறுகிய படிகங்கள் மின்சாரத்தைக் கடத்துவதில்லை, சார்ஜ் ஏற்றினாலும் கரைவதில்லை. தகட்டின் அந்தப் பகுதி நிரந்தரமாக வேலையிலிருந்து விலகிவிடுகிறது. சல்ஃபேஷன் என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

இது தவிர இன்னும் இரண்டு தேய்மானங்கள் உண்டு. நேர்த் தகட்டைத் தாங்கி நிற்கும் ஈயக் கம்பி வலை மெல்ல அரிக்கப்படுகிறது. தகட்டில் அப்பிய பசை அதிர்வாலும் திரும்பத் திரும்ப ஆழமாக இறங்கி ஏறுவதாலும் உதிர்கிறது. இவற்றை முற்றிலும் நிறுத்த எவராலும் இயலாது, தாமதப்படுத்தலாம். சல்ஃபேஷனை மட்டும் பெருமளவு தவிர்த்துவிட முடியும் என்பதால், உரிமையாளர் தம் கவனத்தை அதன்மேல் செலுத்துவதே பயனுள்ளது.

கேள்வி: வெயிலா, குளிரா, பேட்டரிக்கு எது அதிகக் கெடுதல்?

வெயில்தான். கெடுதலை வெப்பம் செய்கிறது, அதை அம்பலப்படுத்தும் வேலையைக் குளிர் செய்கிறது. வெப்பநிலை உயர உயரத் தகட்டின் அரிப்பு, நீர் இழப்பு, தானாகச் சார்ஜ் இறங்குதல் ஆகிய அனைத்தும் விரைவடைகின்றன. 25 பாகை செல்சியசுக்கு மேல் ஒவ்வொரு 10 பாகைக்கும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்பது இத்துறையில் பரவலாக ஏற்கப்பட்ட தோராயக் கணக்கு. குளிர்காலம் வந்ததும், எஞ்சின் எண்ணெய் கெட்டியாகி, எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும் மோட்டாரான ஸ்டார்ட்டருக்குக் கூடுதல் விசை தேவைப்படும் அதே வேளையில், பேட்டரியின் வேதிவினையும் மந்தமாகிறது. கோடையில் பழுதுபட்ட பேட்டரி அப்போதுதான் கைவிடுகிறது. பழி குளிரின்மேல் விழுகிறது.

வெப்பத்தைக் குறைக்க உரிமையாளர் செய்யக்கூடியவை குறைவு, ஆனால் அவை எளியவை. முடிந்தவரை நிழலில் நிறுத்த வேண்டும். எஞ்சின் அறையில் பேட்டரியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் உறையோ துணிப் போர்வையோ இருந்தால், அது அழகுக்காக வைக்கப்பட்டதன்று. வெப்பத்தைத் தடுக்கவே வைக்கப்பட்டது. பேட்டரியை மாற்றும்போது அந்த உறையைக் கழற்றி ஓர் ஓரமாக வைத்துவிட்டு, மீண்டும் போட மறந்துவிடுவது பணிமனைகளில் அடிக்கடி நடக்கும் செயல். வண்டியை எடுக்கும் முன் பானெட்டைத் திறந்து, உறை தன் இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: நாள்தோறும் 2 அல்லது 3 கிலோமீட்டர் தூரம்தான் ஓட்டுகிறேன். இதனால் பேட்டரி கெடுமா?

கெடும், ஆனால் பலரும் சொல்லும் காரணத்தால் அன்று. எஞ்சினைக் கிளப்புவதற்கே பேட்டரியின் சார்ஜ் எல்லாம் போய்விடுகிறது என்று கருதப்படுகிறது. கணக்குப் பார்த்தால் உண்மை வேறு. ஸ்டார்ட்டர் மோட்டார் 200 ஆம்பியர் இழுத்தாலும், 2 விநாடியில் எஞ்சின் கிளம்பிவிட்டால் செலவாவது 0.11 ஆம்பியர்-மணி மட்டுமே (ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் அது ஒரு ஆம்பியர்-மணி). 45 ஆம்பியர்-மணி கொள்ளளவு உள்ள பேட்டரியில் அது நானூறில் ஒரு பங்கு. சாதாரண வேகத்தில் ஓடும்போது, எஞ்சினால் சுழற்றப்படும் மின்னாக்கியான ஆல்டர்னேட்டர் இதைச் சில நிமிடங்களில் ஈடுகட்டிவிடும்.

உண்மையான சிக்கல், பேட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு. சார்ஜ் குறைவாக இருக்கும்போது பேட்டரி மின்சாரத்தை வேகமாக வாங்கிக்கொள்கிறது. நிரம்ப நிரம்ப அதன் வாங்கும் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. 80 விழுக்காட்டிலிருந்து 100 விழுக்காட்டை எட்டச் சில மணி நேரம் ஆகும். குறுகிய ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியின் பேட்டரி அந்த உச்சியை எட்டுவதே இல்லை. போதாக்குறைக்கு முகப்பு விளக்கு, ஏசி மின்விசிறி, பின்கண்ணாடி வெப்பக் கம்பி ஆகியவை ஆல்டர்னேட்டரின் உற்பத்தியில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கின்றன. இப்படி மாதக்கணக்கில் 70, 80 விழுக்காட்டிலேயே பேட்டரி உழலும்போது, மேலே சொன்ன சல்ஃபேட் படிகங்கள் ஓசையின்றி இறுகிக்கொண்டிருக்கின்றன.

தீர்வு இரண்டு. வாரம் ஒருமுறையாவது ஒரு மணி நேரம் நிற்காமல் ஓடும் பயணம் ஒன்றை அமைத்துக்கொள்ளலாம். அது முடியாதவர்கள், தானியங்கி சார்ஜர் ஒன்றை வாங்கி, மாதம் ஒருமுறை இரவு முழுவதும் பேட்டரியில் இணைத்து வைக்கலாம். என் கருத்தில் இரண்டாவது வழியே மேலானது. பேட்டரியை உண்மையாகவே முழு சார்ஜுக்குக் கொண்டுவருவது சார்ஜர்தான்.

கேள்வி: வண்டியை எடுக்காத நாட்களில் ஸ்டார்ட் செய்து 10 நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட்டால் போதாதா?

போதாது. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்போது ஆல்டர்னேட்டர் தன் முழுத் திறனைத் தருவதில்லை. ஸ்டார்ட்டுக்குச் செலவானதை மீட்பதோடு அந்த 10 நிமிடம் முடிந்துவிடும். பல நாட்களாக இறங்கிய சார்ஜ் அப்படியே குறைவாகவே இருக்கும். எஞ்சினும் உரிய வெப்பத்தை எட்டாததால், எரிதலில் உண்டாகும் நீராவி எண்ணெயிலும் சைலன்சரிலும் தங்கிவிடுகிறது. ஒன்று, வண்டியைச் சரியாக ஓட்டுங்கள். அல்லது தொடாமல் விட்டுச் சார்ஜரை இணையுங்கள்.

கேள்வி: எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தான் செல்கிறேன். இருந்தும் சில நாட்களில் பேட்டரி இறங்கிவிடுகிறதே, ஏன்?

அணைக்கப்பட்ட கார் முழுமையாக அணைவதில்லை. திருட்டு எச்சரிக்கை மணி, ரிமோட் சாவியின் அழைப்புக்குக் காத்திருக்கும் ரிசீவர், கடிகாரம், கணினிகளின் நினைவகம் ஆகியவை சிறிதளவு மின்சாரத்தை எப்போதும் இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த இழுவை 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் இயல்பு. அந்த இயல்பான அளவே ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி ஆகிறது. 45 ஆம்பியர்-மணி பேட்டரி 19 நாட்களுக்குள் பாதியாகிவிடும். இழுவை 300 மில்லி ஆம்பியராக இருந்தால், மூன்றே நாளில் அதே நிலை வந்துவிடும்.

மிகை இழுவைக்கான காரணங்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியவை பின்னாளில் பொருத்தப்பட்ட கருவிகள்: வண்டி நின்றபின்னும் பதிவு செய்யும் டேஷ்கேம், ஜிபிஎஸ் டிராக்கர், ஒலிபெருக்கி ஆம்ப்ளிஃபையர் போன்றவை. அடுத்து, மூடிய பிறகும் அணையாத டிக்கி விளக்கு, கையுறைப் பெட்டி விளக்கு, ஒட்டிக்கொண்ட ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்). சாவியில்லாமல் திறக்கும் வசதி உள்ள சில மாடல்களில், சாவியை வண்டிக்கு மிக அருகில் வைத்திருந்தால் கணினிகள் அடிக்கடி விழித்துக்கொள்வதும் உண்டு.

இதை வீட்டிலேயே அளந்துபார்க்கலாம். வோல்ட்டும் ஆம்பியரும் அளக்கும் கருவியான மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவீட்டில் வைத்து, எதிர் முனையிலிருந்து கழற்றிய கேபிளுக்கும் அந்த முனைக்கும் இடையே இணைக்க வேண்டும். கதவுகளைப் பூட்டி, எல்லாக் கணினிகளும் உறக்கத்துக்குச் செல்ல அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும். அதற்குமுன் தெரியும் பெரிய எண்ணைக் கண்டு பதறத் தேவையில்லை. மீட்டர் இணைந்திருக்கும்போது இக்னிஷனைப் போடவோ எஞ்சினைக் கிளப்பவோ கூடாது, மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். காத்திருந்த பின்னும் எண் அதிகமாகவே இருந்தால், ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, எதைக் கழற்றும்போது எண் சட்டெனக் கீழே இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த ஃப்யூஸ் எந்தச் சுற்றுக்கு உரியதோ, கோளாறு அங்கே இருக்கிறது.

கேள்வி: வண்டியைப் பல வாரங்கள் நிறுத்திவைக்க வேண்டியிருந்தால் என்ன செய்வது?

நிறுத்துமுன் பேட்டரியை முழுமையாகச் சார்ஜ் செய்துவிட வேண்டும். எல்லாவற்றிலும் இதுதான் முதன்மையானது. மின் இணைப்பு எட்டும் இடமாக இருந்தால், முழு சார்ஜை எட்டியதும் தானாக 13.5 வோல்ட்டை ஒட்டிய பராமரிப்பு நிலைக்கு மாறிவிடும் சார்ஜரை இணைத்து, மாதக்கணக்கில் அப்படியே விடலாம். அந்த வசதி இல்லாத பழைய வகைச் சார்ஜரை அப்படி விடக்கூடாது. அது விடாமல் சார்ஜ் ஏற்றி நீரை வற்றச் செய்துவிடும்.

மின் இணைப்பு இல்லையென்றால், எதிர் முனையைக் கழற்றிவைப்பது அடுத்த வழி. வானொலி அமைப்புகளும் சில ஜன்னல்களின் தானியங்கி நினைவும் அழியக்கூடும் என்பதையும், ரிமோட்டில் பூட்டு திறக்காது என்பதையும் நினைவில் கொண்டு, கதவைத் திறக்கும் சாவியைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். கழற்றப்பட்ட பேட்டரியும் தானாகச் சிறிது சிறிதாக இறங்கும் என்பதால், இரண்டு மூன்று மாதங்களுக்கு ஒருமுறை மீண்டும் சார்ஜ் ஏற்றுவது நல்லது.

கேள்வி: மல்டிமீட்டரில் எந்த எண் வந்தால் பேட்டரி நலமாக இருக்கிறது என்று பொருள்?

இதற்கு மூன்று அளவீடுகள் தேவை. ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்பவர்கள் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

முதலாவது, ஓய்வு நிலை. வண்டி நின்று சில மணி நேரம் கழித்து, காலையில் கதவைத் திறப்பதற்கு முன் எடுப்பது சிறப்பு. 12.6 வோல்ட் அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ், 12.4 என்றால் ஏறத்தாழ முக்கால் பங்கு, 12.2 என்றால் பாதி, 12.0 என்றால் கால் பங்குதான் மிச்சம். 12.4-க்குக் கீழே வந்துவிட்டால் சார்ஜ் ஏற்றுவதைத் தள்ளிப்போடக் கூடாது. ஓட்டி முடித்த உடனே அளந்தால் 12.9, 13.0 என்றுகூட வரும். அது தகட்டின் மேற்பரப்பில் மட்டும் நிற்கும் சார்ஜ். முகப்பு விளக்கை ஒரு நிமிடம் எரியவிட்டு அணைத்துச் சற்று நேரம் கழித்துப் பார்த்தால் உண்மை எண் தெரியும்.

இரண்டாவது, எஞ்சினைக் கிளப்பும் தருணம். ஒருவர் ஸ்டார்ட் செய்ய, மற்றவர் மீட்டரைப் பார்க்க வேண்டும். மிதமான வெப்பநிலையில் எண் 9.6-க்குக் கீழே விழாமல் இருக்க வேண்டும். ஓய்வில் 12.6 காட்டிவிட்டு, ஸ்டார்ட்டின்போது 8 வோல்ட்டுக்குச் சரியும் பேட்டரியின் தகடுகள் வலுவிழந்துவிட்டன. அதைச் சார்ஜ் ஏற்றிக் காப்பாற்ற முடியாது.

மூன்றாவது, எஞ்சின் ஓடும்போது. 13.8 முதல் 14.7 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர் சரியாக வேலை செய்கிறது. 13-க்குக் கீழேயே நின்றால் சார்ஜ் ஏறவில்லை. 15-ஐத் தாண்டினால், ஆல்டர்னேட்டரின் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுதாகி பேட்டரியை வேகவைத்துக்கொண்டிருக்கிறது. எரிபொருளைச் சேமிப்பதற்காகச் சார்ஜைக் கணினியே கூட்டிக் குறைக்கும் புதிய கார்களில் இந்த எண் அவ்வப்போது தாழ்வது இயல்பு, ஆகவே அவற்றில் முகப்பு விளக்கைப் போட்டுவிட்டுப் பார்ப்பது நலம்.

முழு இரவு சார்ஜ் ஏற்றிய பின்னும் 10.5 வோல்ட்டிலேயே நிற்கும் பேட்டரியில் ஒரு செல் செத்துவிட்டது என்று பொருள், 12.6-இலிருந்து 2.1 கழிந்துபோயிருக்கிறது.

கேள்வி: முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிகிறதே, அதை என்ன செய்ய வேண்டும்?

உள்ளிருந்து கசியும் அமில ஆவி, முனையின் ஈயத்தோடும் கேபிளின் செம்போடும் வினைபுரிவதால் வரும் படிவு அது. மின்தடையைக் கூட்டி, ஸ்டார்ட்டருக்குப் போகும் மின்சாரத்தையும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் சார்ஜையும் ஒருசேரக் குறைக்கிறது. பேட்டரி போய்விட்டது என்று கருதி மாற்றப்படும் சில பேட்டரிகளின் உண்மையான நோய் இந்தப் படிவுதான்.

கையுறையும் கண்ணாடியும் அணிந்துகொண்டு, முதலில் எதிர் முனையையும் பிறகு நேர் முனையையும் கழற்ற வேண்டும். வரிசை மாறினால், நேர் முனையில் இருக்கும் ஸ்பேனர் காரின் உடல் இரும்பைத் தொட்டதும் பெரும் பொறி பறக்கும். ஒரு குவளை வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றினால் படிவு நுரைத்துப் பொங்கும். நுரை அடங்கும்வரை பழைய பல்துலக்கியால் தேய்த்து, சுத்த நீரால் கழுவித் துடைக்க வேண்டும். அந்தக் கரைசல் மூடியின் துளை வழியாகச் செல்லுக்குள் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உள்ளிருக்கும் அமிலத்தை அது முறித்துவிடும். கிளாம்பின் உட்புறம் ஈயம் பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். வெளிப்புறம் மட்டும் பளபளத்துப் பயனில்லை. பிறகு நேர் முனையை முதலிலும் எதிர் முனையை இறுதியிலும் பூட்டி, கையால் திருகினால் அசையாத அளவுக்கு முறுக்கி, அதன் மேல் பெட்ரோலியம் ஜெல்லி தடவ வேண்டும்.

படிவு சில வாரங்களிலேயே திரும்ப வந்தால், முனையின் அடியில் வெடிப்பு இருக்கலாம் அல்லது பேட்டரி மிகைச் சார்ஜாகலாம். அப்போது எஞ்சின் ஓடும்போதுள்ள வோல்ட்டை அளந்துபார்ப்பதே அடுத்த படி.

கேள்வி: பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டுமா?

மூடியைத் திறக்கும் வகையாக இருந்தால், ஊற்றத்தான் வேண்டும். சார்ஜ் ஏறும்போது நீரில் ஒரு பகுதி ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்து வெளியேறுகிறது. அமிலம் ஏறத்தாழ முழுவதும் உள்ளேயே தங்கிவிடுகிறது, ஆகவே நிரப்ப வேண்டியது நீர் மட்டுமே. டிஸ்டில்டு வாட்டர் தவிர வேறு எதுவும் கூடாது. குழாய் நீரில் உள்ள இரும்பும் குளோரைடும் தகடுகளைக் கெடுத்து, தானாகச் சார்ஜ் இறங்குவதையும் விரைவுபடுத்தும். அமிலத்தை ஊற்றினால் பேட்டரி வீரியமாகும் என்ற எண்ணமும் தவறானது. அடர்வு கூடி அரிப்புத்தான் மிகும்.

சார்ஜ் ஏறும்போது திரவமட்டம் உயரும் என்பதால், முழு சார்ஜ் ஆன பிறகே மேல் குறி வரை நிரப்ப வேண்டும். தகடுகள் வெளியே தெரியும் அளவுக்கு வற்றியிருந்தால் மட்டும், அவை மூழ்கும் அளவுக்கு முதலில் ஊற்றிவிட்டுச் சார்ஜ் ஏற்றலாம். இத்தகைய பேட்டரிக்கு, அமிலக் கரைசலின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் மிகச் சிறந்த துணை. முழு சார்ஜில் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) 1.265 முதல் 1.280 வரை இருக்கும். ஆறு செல்களில் ஏதேனும் ஒன்று மற்றவற்றிலிருந்து 0.050-க்கு மேல் வேறுபட்டால் அந்தச் செல் பழுது.

பராமரிப்பு தேவையற்றது என்று விற்கப்படும் மூடிய பேட்டரிகளில் கால்சியம் கலந்த ஈயம் பயன்படுவதால் நீர் இழப்பு மிகக் குறைவு. அவற்றைத் திறக்க முயலக் கூடாது.

கேள்வி: பேட்டரியைப் பிடித்திருக்கும் கிளாம்ப் சற்றுத் தளர்ந்திருக்கிறது. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று விடக்கூடாது. குண்டும் குழியுமான சாலையில் பேட்டரி தட்டில் குதித்துக்கொண்டே இருந்தால் தகட்டின் பசை உதிர்ந்து செல்லின் அடியில் சேரும். ஒரு ஸ்பேனரால் ஒரு நிமிடத்தில் முடியும் வேலை இது.

கேள்வி: பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் ஜம்ப் ஸ்டார்ட் செய்து ஓட்டிவிடலாமா?

வண்டியை நகர்த்த அது உதவும். பேட்டரியைக் காப்பாற்ற உதவாது. முகப்பு விளக்கை அணைக்க மறந்துவிட்டால் ஏறத்தாழ 10 ஆம்பியர் செலவாகி, நடுத்தர பேட்டரி 4 மணி நேரத்தில் காலியாகிவிடும். ஸ்டார்ட்டர் பேட்டரியின் தகடுகள் மெல்லியவை, ஒரு நொடியில் பெரும் மின்னோட்டத்தைத் தருவதற்கென்று அமைக்கப்பட்டவை. ஆழமாக இறங்குவதைச் சில முறைக்கு மேல் அவை தாங்குவதில்லை. ஆகவே இறங்கிய பேட்டரியை அன்றைக்கே சார்ஜரில் போட வேண்டும். கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டம், அதாவது 45 ஆம்பியர்-மணிக்கு 4 முதல் 5 ஆம்பியர், பாதுகாப்பான வேகம். காலியான பேட்டரியை நிரப்பும் வேலையை ஆல்டர்னேட்டரின் தலையில் கட்டினால் அதுவும் சூடேறிப் பழுதாகலாம்.

கேபிள் இணைக்கும் வரிசை: சிவப்பின் ஒரு முனை இறங்கிய பேட்டரியின் நேர் முனையில், மறுமுனை நல்ல பேட்டரியின் நேர் முனையில், கறுப்பின் ஒரு முனை நல்ல பேட்டரியின் எதிர் முனையில், கறுப்பின் மறுமுனை இறங்கிய வண்டியின் எஞ்சின் இரும்பில், பேட்டரியிலிருந்து விலகி. இறுதி இணைப்பில் பொறி வரும் என்பதாலும், பேட்டரியைச் சுற்றியுள்ள காற்றில் ஹைட்ரஜன் 4 விழுக்காடு சேர்ந்தாலே தீப்பற்றும் என்பதாலும்தான் இந்த விலகல். கடுங்குளிர் நாடுகளில் இன்னோர் எச்சரிக்கை உண்டு: காலியான பேட்டரியின் திரவம் பூஜ்யத்துக்குக் கீழ் 10 பாகையை ஒட்டியே உறைந்துவிடும். உறைந்து பக்கங்கள் புடைத்த பேட்டரிக்கு ஜம்ப் கொடுக்கவே கூடாது.

கேள்வி: சிக்னலில் தானாக அணையும் ஸ்டார்ட்-ஸ்டாப் காரில் சாதாரண பேட்டரியைப் பொருத்தலாமா?

பொருத்தினால் விரைவில் போய்விடும். அத்தகைய கார்கள் ஒரு பயணத்தில் பலமுறை எஞ்சினைக் கிளப்புவதோடு, எஞ்சின் அணைந்திருக்கும்போதும் விளக்கு, விசிறி அனைத்தையும் பேட்டரியிலேயே ஓட்டுகின்றன. அதற்கென்றே அமிலத்தைக் கண்ணாடி இழைப் பாயில் உறிஞ்சி வைத்திருக்கும் ஏஜிஎம் வகையும், வலுவூட்டப்பட்ட திரவ வகையான இஎஃப்பியும் உள்ளன. ஏஜிஎம் இருந்த இடத்தில் ஏஜிஎம்மையே போட வேண்டும். இஎஃப்பி இருந்த இடத்தில் அதையோ ஏஜிஎம்மையோ போடலாம். சார்ஜரிலும் ஏஜிஎம்முக்கு உரிய நிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், மிகைச் சார்ஜில் அது இழக்கும் நீரை மீண்டும் ஊற்ற வழியில்லை. சில கார்களில் புதிய பேட்டரி வந்ததை ஸ்கேனர் மூலம் கணினிக்கு அறிவிக்க வேண்டும். இல்லையெனில் பழைய, தேய்ந்த பேட்டரிக்கு உரிய முறையிலேயே அது தொடர்ந்து சார்ஜ் ஏற்றும்.

கேள்வி: கூடுதல் ஆம்பியர்-மணி உள்ள பேட்டரியைப் போட்டால் ஆயுள் கூடுமா?

தட்டில் சரியாக அமர்ந்து, முனைகளின் இடமும் உயரமும் பொருந்தினால், ஒரு படி பெரிதாகப் போடுவதில் தீங்கு இல்லை. நின்றிருக்கும் நாட்களில் சற்றுக் கூடுதல் கையிருப்பு கிடைக்கும். ஆனால் குறுகிய ஓட்டத்தால் நிரம்பாத சிறிய பேட்டரியின் இடத்தில் பெரியதை வைத்தால் அதுவும் நிரம்பாமல்தான் கிடக்கும். நோய்க்கு மருந்து அதுவன்று.

கேள்வி: எப்சம் உப்பு, ஆஸ்பிரின் மாத்திரை போட்டால் பழைய பேட்டரி உயிர்பெறும் என்கிறார்களே?

இறுகிய சல்ஃபேட்டை எப்சம் உப்பு கரைப்பதில்லை. ஆஸ்பிரினிலிருந்து உருவாகும் அசெட்டிக் அமிலம் ஈயத்தையே அரிக்கும். ஒருவேளை ஓரிரு முறை வண்டி கிளம்பினாலும், அந்த நம்பிக்கையில் தொலைவுப் பயணம் புறப்படுவது விவேகமன்று. பேட்டரியைத் தரையில் வைத்தால் சார்ஜ் தரைக்குள் இறங்கிவிடும் என்பதும் இன்றைய பிளாஸ்டிக் பெட்டிகளுக்குப் பொருந்தாத பழங்கதை.

கேள்வி: ஓட்டும்போது பேட்டரி வடிவச் சிவப்பு விளக்கு எரிகிறது. பேட்டரியை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட வேண்டாம். வடிவம் பேட்டரியுடையது என்றாலும், அந்த விளக்கு சொல்வது சார்ஜ் ஏறவில்லை என்பதையே. ஆல்டர்னேட்டர் பெல்ட் அறுந்திருக்கலாம், ஆல்டர்னேட்டரோ அதன் இணைப்போ பழுதாகியிருக்கலாம். ஏசி, இசை ஆகியவற்றை அணைத்துவிட்டு அருகிலுள்ள பாதுகாப்பான இடத்தை அடைய வேண்டும். அதே பெல்ட் குளிர்நீர்ப் பம்பையும் சுழற்றும் எஞ்சினாக இருந்தால், வெப்பமானி ஏறத் தொடங்கியதும் நிறுத்திவிட வேண்டும்.

கேள்வி: மின்சாரக் காருக்கும் இவை பொருந்துமா?

பெரும்பாலான மின்சாரக் கார்களிலும் சிறிய 12 வோல்ட் பேட்டரி ஒன்று தனியே உண்டு. கதவுப் பூட்டு, கணினிகள், பெரிய பேட்டரியை மோட்டாருடன் இணைக்கும் காண்டாக்டர் ஆகியவை அதை நம்பியே இயங்குகின்றன. அது இறங்கிவிட்டால், பெரிய பேட்டரியில் முழு சார்ஜ் இருந்தும் வண்டி நகராது. ஸ்டார்ட்டரின் பெருஞ்சுமை இல்லாததால் அது முன்கூட்டியே எச்சரிக்காமல் திடீரெனக் கைவிடுவதுண்டு. ஆகவே 3 ஆண்டுகள் ஆனபின் அதை ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்வது நல்லது.

கேள்வி: எப்போது மாற்ற வேண்டும்? புதியதை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

காலையில் ஸ்டார்ட்டர் இழுவையாகச் சுழல்வது, ஸ்டார்ட் செய்யும்போது டேஷ்போர்டு விளக்குகள் மங்குவது, முழு சார்ஜுக்குப் பின்னும் ஒரே இரவில் 12.4-க்குக் கீழே இறங்குவது, பெட்டியின் பக்கங்கள் புடைப்பது, அழுகிய முட்டை நாற்றம் வருவது ஆகியவற்றில் முதல் மூன்றும் மாற்றத் திட்டமிட வேண்டிய அறிகுறிகள். கடைசி இரண்டும் உடனே மாற்ற வேண்டியவை.

வாங்கும்போது தயாரிப்பு நாளைக் கேட்டு, 3 மாதத்துக்கு உட்பட்டதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கடை அலமாரியில் கிடக்கும் பேட்டரிக்கும் சல்ஃபேஷன் விதிவிலக்கு அளிப்பதில்லை. பொருத்துவதற்கு முன் அங்கேயே வோல்ட்டை அளக்கச் சொல்லலாம், 12.5-க்குக் கீழே இருந்தால் வேறொன்றைக் கேட்பதில் தவறில்லை. கையேட்டில் குறிப்பிட்டுள்ள சிசிஏ எண்ணைவிடக் குறைந்ததை ஏற்கக் கூடாது. பூஜ்யத்துக்குக் கீழ் 18 பாகையில், 30 விநாடி நேரம், 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல் பேட்டரி தரக்கூடிய ஆம்பியரை அந்த எண் சொல்கிறது. பழைய பேட்டரியை விற்பவரிடமே ஒப்படைத்துவிட வேண்டும். அதன் ஈயம் நஞ்சு, மண்ணிலோ நீரிலோ சேரக் கூடாது; அதே ஈயத்தை உருக்கி மீண்டும் புதிய பேட்டரித் தகடாக வார்க்க முடியும் என்பதால், அதற்கு ஈடாகப் புதியதின் விலையில் கழிவும் பொதுவாகக் கிடைக்கும்.